முகம் கழுவியதற்கு ஒரு நட்சத்திரம்

ஆறாம் ஆண்டு படித்தபோது பள்ளிக்கூடத்தின் மேல் எனக்கு இருந்த வெறுப்பெல்லாம் காலையில் முதல் மணி அடித்த பிறகு வரும் கால் மணி நேரத்தின் மேல்தான் இருந்தது. கணக்குப் பாடத்தைக்கூட நான் அவ்வளவு வெறுத்ததில்லை. கணக்குக்கு விடை என்று ஒன்று இருக்கிறது. தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து எழுதிவிடலாம். அந்தக் கால் மணி நேரத்தில் கேட்கப்பட்ட கேள்விக்கு விடை எனக்குள்ளேயே இருப்பதாக டீச்சர் சொன்னார். நானும் பல நாள் தேடிப் பார்த்தேன். அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை.

எங்கள் வகுப்பு டீச்சர் ஹட்டனில் இரண்டு நாள் பயிற்சி ஒன்றுக்குப் போய் வந்ததில் ஆரம்பித்தது இந்தத் தொல்லை. போகும்போது சாதாரணமாகத்தான் போனார். திரும்பி வந்தபோது அவருடைய குரல் இறங்கியிருந்தது. அதுவரை "சத்தம் போடாதீங்க" என்று மேசையைத் தட்டிக் கத்தியவர், அன்று முதல் மெல்லச் சிரித்துக்கொண்டு சொன்னார். கடைசி வாங்கில் இருந்தவர்களுக்கு அது காதில் விழாததால் அவர்கள் தங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எல்லோரும் புதிதாக ஒரு நாற்பது பக்கக் கொப்பி கொண்டுவர வேண்டும் என்றார். அதன் பெயர் எண்ணக் கொப்பி. காலையில் வந்ததும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, கண்ணை மூடி, மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனிக்க வேண்டும். மணிச் சத்தம் கேட்டதும் கண்ணைத் திறந்து, 'இன்று நான்' என்று தொடங்கி அன்றைக்குச் செய்யப்போகும் ஒரு காரியத்தை எழுத வேண்டும். மறுநாள் அதன் பக்கத்தில் செய்தோமா இல்லையா என்று குறிக்க வேண்டும். எழுதியதையே திரும்ப எழுதக் கூடாது. மனசிலிருந்து வர வேண்டும்.

மணிச் சத்தத்தை டீச்சருடைய கைபேசியே எழுப்பும் என்று ஏற்பாடு. முதல் நாள் நாங்கள் நாற்பத்தொரு பேரும் கண்ணை மூடிக்கொண்டிருக்க, மணிக்குப் பதிலாக டீச்சரின் கணவர் கூப்பிட்டுவிட்டார். "வகுப்பில இருக்கேன், பருப்பு அலுமாரியில இருக்கு" என்று டீச்சர் சொன்னதைக் கேட்டு நாங்கள் அடக்க முடியாமல் சிரித்தோம். மறுநாளிலிருந்து கைபேசிக்குப் பதில் எவர்சில்வர் டம்ளரும் ஒரு கரண்டியும் வந்தன.

மூச்சைக் கவனிப்பது எங்கள் வகுப்பில் லேசான காரியமில்லை. அது தென்மேற்கு மழைக்காலம். ஜன்னலில் இரண்டு கண்ணாடி இல்லை. அந்த வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்து எங்களோடு உட்கார்ந்துகொள்ளும். முக்கால்வாசிப் பேருக்குச் சளி. கண்ணை மூடிய உடனே யாராவது உறிஞ்சுவார்கள், அது ஒவ்வொரு வாங்காகத் தொற்றிக்கொண்டு போகும். என் மூச்சை நான் கவனித்ததே இல்லை. பக்கத்தில் இருந்தவளின் மூச்சைத்தான் அந்த மழைக்காலம் முழுக்கக் கவனித்தேன்.

முதல் ஒரு வாரம் எப்படியோ ஓடியது. இன்று நான் தம்பியை அடிக்க மாட்டேன். இன்று நான் நன்றாகப் படிப்பேன். இன்று நான் அம்மாவுக்கு விறகு எடுத்துக் கொடுப்பேன். அதற்குப் பிறகு எனக்குச் செய்வதற்கு எதுவும் மீதி இல்லை. என் நாள் எல்லாமே ஒரே மாதிரி. காலையில் எழுந்து, ரொட்டி தின்று, இரண்டு மைல்கட்டை தூரம் நடந்து பள்ளிக்கூடம் வந்து, நனைந்துகொண்டு திரும்பிப் போய், தம்பியைப் பார்த்துக்கொண்டு, தூங்குவேன். இதில் புதிதாக எண்ணுவதற்கு என்ன இருக்கிறது? கடைசி வாங்குப் பையன் ஒருவன், 'இன்று நான் வீட்டுக்குப் போவேன்' என்று எழுதி, மறுநாள் 'செய்தேன்' என்று குறித்தான். அவனை டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் எதிர்பார்த்தார். என் பக்கங்களில் சிவப்பு மையில், 'மேலோட்டமாக இருக்கிறது', 'இன்னும் உள்ளே போய்ப் பார்' என்று எழுதினார். ஒரு நாள் இடைவேளையில் மற்றவர்கள் விளையாடப் போனபோது என்னை மட்டும் வகுப்பில் இருத்தி உள்ளே போகச் சொன்னார். நான் கால் மணி நேரம் உள்ளே போய்விட்டு, வெளியே மட்டையும் பந்துமாக எல்லே விளையாடும் சத்தத்தைக் கேட்டுக் கண் கலங்கினேன். டீச்சர் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு, "பார்த்தியா, வருது" என்றார்.

இதெல்லாம் பள்ளிக்கூடத்தோடு நின்றிருந்தால் பொறுத்திருப்பேன். வீட்டிலும் அதே கதை ஆரம்பித்ததைத்தான் தாங்க முடியவில்லை.

மலைநாட்டில் டயகம பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், இருபது வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்தில் எங்கள் வீடு. அறை என்று ஒரே ஒரு காம்பரா, அதன் முன்னால் திண்ணை மாதிரி ஓர் இஸ்தோப்பு, பின்னால் அடுப்புப் புகை படிந்த குசினி. அதில் அம்மா, அப்பா, நான், தம்பி. அந்த வருஷம் தைப்பொங்கல் முடிந்து ஒரு மாதத்தில் சித்தியும் வந்து சேர்ந்தாள். அம்மாவின் ஒரே தங்கச்சி. அம்மாதான் அவளை வளர்த்து, பதினேழு வயதில் கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்கு அனுப்பினாள். நாலு வருஷமாகத் தீபாவளிக்குத் தீபாவளி வருவாள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே சிரிப்புச் சத்தம் லயத்துக்குக் கேட்கும். எனக்கு நகச்சாயம், தம்பிக்கு விசில், அம்மாவுக்குச் சேலை என்று பையைத் திறப்பாள். அந்தச் சித்திக்காகத்தான் நான் காத்திருந்தேன். வந்தது வேறு ஒருத்தி. பையில் ஒன்றும் இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். பல நாள் அப்படியே கிடந்தாள்.

"சித்திக்கு என்ன?" என்று கேட்டால், "தலைவலி" என்பாள் அம்மா. அவ்வளவு நீளமான தலைவலியை நான் கேள்விப்பட்டதில்லை.

லயத்தில் இருந்தவர்களுக்கு அந்தப் பதில் போதவில்லை. ஒரு பெண் பிள்ளை கொழும்பிலிருந்து வந்து பேசாமல் படுத்துக்கிடந்தால் அதற்குக் காரணம் ஒன்று வேண்டும். ஆளுக்கொரு காரணத்தோடு வந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா கோடங்கியைக் கூட்டிவந்து கயிறு கட்டச் சொன்னார். வேறொருத்தி கல்யாணம் கட்டிவைத்தால் சரியாகிவிடும் என்றாள். அம்மா கொழுந்துச் சாக்கை உதறிக்கொண்டே, "அவளுக்கு ஒரு பய மேலயும் ஆசையில்ல, பேயும் புடிக்கல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன், மருந்து குடுக்கிறாங்க. உங்க ஊட்டு அடுப்பப் பாருங்க" என்றாள். அம்மா அப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை. மாதத்துக்கு ஒரு நாள் அவள் வேலைக்குப் போகாமல் சித்தியைப் பஸ்ஸில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவாள்.

அப்படிப் போய்வந்த ஒரு நாள்தான் சித்தி எழுத ஆரம்பித்தாள். அங்கே இருந்த ஒரு சிங்கள நோனா, நன்றாகத் தமிழ் பேசுகிறவராம், அவளுக்கு ஏதோ சொல்லிக் கொடுத்திருக்கிறார். காலையில் பத்து நிமிஷம் கண்ணை மூடி மூச்சைப் பார்க்க வேண்டும். பிறகு அன்றைக்கு என்ன செய்யப்போகிறாள் என்று ஒரே ஒரு வரி எழுத வேண்டும். சாயந்தரம் அது நடந்ததா என்று பார்க்க வேண்டும். அப்பா தொழிற்சாலையில் யாரிடமோ கேட்டு, இரண்டு வருஷம் பழைய டயரி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் போட்டிருந்த திங்கட்கிழமை எங்களுக்கு வியாழக்கிழமையாக இருந்தது. சித்தி அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

எனக்குத் தலை சுற்றியது. டீச்சருக்கும் சித்திக்கும் ஒரே பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று யோசித்தேன். சித்தி என்னைப் பார்த்துத்தான் செய்கிறாள் என்று முடிவு செய்தேன். அந்த வீட்டில் கொப்பியும் பேனையும் என்னுடைய விஷயம்.

அதிலும் அவள் அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் என் தகரப்பெட்டி. ஜன்னலுக்குக் கீழே வெளிச்சம் விழுகிற இடத்தில் அது இருந்தது. என் வெள்ளைச் சட்டை, டை, காலுறை எல்லாம் அதற்குள்தான். காலையில் நான் பீலிக்கரைத் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு உடுப்புக்கு ஓடிவரும் நேரம் பார்த்துச் சித்தி அதன் மேல் உட்கார்ந்து கண்ணை மூடிவிடுவாள்.

"அம்மா, சட்டை பெட்டிக்குள்ள இருக்கு. சித்திய எந்திரிக்கச் சொல்லுங்க."

"மெதுவாப் பேசு. அவ எழுதி முடிக்கட்டும்."

"எனக்கு நேரமாகுது."

"எனக்கும்தான் பெரட்டுல பேர் குடுக்க நேரமாகுது. நான் கத்துறேனா?"

இதுதான் எனக்குப் புரியவில்லை. தினமும் காலையில் எங்கள் வீட்டில் பாத்திரங்களைவிட அதிகமாகச் சத்தம் போடுகிறவள் அம்மா. அப்பா குளிக்கப் போனால் அவசரப்படுத்துவாள், தம்பி ரொட்டியைப் பிய்த்து விளையாடினால் அடிப்பாள். அந்தப் பத்து நிமிஷம் மட்டும், தலையில் மழைக்குப் போடும் படங்குத் துண்டும் முதுகில் கூடையுமாக, பூனை மாதிரி நடப்பாள். சித்தி ஒரு வரி எழுத எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நான் ஒரு கட்டுரை எழுதிவிடுவேன். நான் உள்பாவாடையோடு குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றிருப்பேன். மூன்று முறை பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனேன். மூன்று முறையும் டீச்சர் மெல்லச் சிரித்துக்கொண்டு என்னை வாசலில் நிறுத்தினார்.

ஒரு நாள் மத்தியானம் எனக்கு எழுதுவதற்கு எதுவும் இல்லாமல் போய்விட்டது. அன்றைய கொப்பியில், 'நாளைக்குச் சொந்தமாக ஒன்று' என்று சிவப்பு மை. அம்மா கொழுந்து பறிக்க மலையில், அப்பா தொழிற்சாலையில், தம்பி தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில். சித்தி பின்னால் குசினி வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டயரி பெட்டியின் மேல் இருந்தது. அதைத் தொடக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். அம்மாவே தொடுவதில்லை, ஆஸ்பத்திரி நோனாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாளாம். நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

திறந்து பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

'இன்று முகம் கழுவுவேன்.' பக்கத்தில், 'இல்லை.' அடுத்த நாள், 'இன்று முகம் கழுவுவேன். தண்ணீர் குளிர்ந்தாலும்.' பக்கத்தில், 'ஆம்.' 'இன்று தலை வாருவேன்.' 'இல்லை.' 'இன்று நாலு வாய் சோறு.' 'இரண்டு.' 'இன்று பீலிக்கரை வரைக்கும் நடப்பேன்.' 'இல்லை.' 'இன்று அக்கா பேசினால் பதில் சொல்வேன்.' 'ஆம். ஒரு தடவை.'

இருபத்தொரு வயது ஆளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தேன். இவ்வளவு சுலபமானதை எழுதிவிட்டு அதையும் செய்யாமல் விட்டிருக்கிறாள். எங்கள் டீச்சராக இருந்தால் சிவப்பு மையாலேயே பக்கத்தை நிரப்பியிருப்பார். இன்னொரு பக்கத்தில், 'இன்று அந்தி வரைக்கும் இருப்பேன்' என்று இருந்தது. அடுத்த பக்கத்திலும் அதே வரி. அதற்கடுத்ததிலும். ஒன்பது நாள் ஒரே வரி, ஒன்பது நாளும் பக்கத்தில் 'ஆம்'. எழுதியதையே திரும்ப எழுதக் கூடாது என்ற விதி இவளுக்கு மட்டும் ஏன் இல்லை என்று ஆற்றாமையாக இருந்தது. வீட்டைவிட்டு எங்கும் போகாத ஒருத்தி அந்தி வரைக்கும் வீட்டில் இருப்பேன் என்று எழுதி, இருந்தேன் என்று குறித்துக்கொண்டால் யாருக்குத்தான் வெற்றி வராது?

ஆனாலும் ஒன்று தோன்றியது. இந்த வரிகள் என்னுடையவற்றைப் போல இல்லை. டீச்சர் கேட்பது இந்த மாதிரியாக இருக்கலாம்.

மறுநாள் கண்ணை மூடித் திறந்து, 'இன்று நான் முகம் கழுவுவேன். தண்ணீர் குளிர்ந்தாலும்' என்று எழுதினேன். டீச்சர் கொப்பியைத் திருத்தியபோது பேனை நின்றது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். வகுப்புக்கே வாசித்துக் காட்டினார். தினமும் செய்கிற ஒரு காரியத்தைக் கவனத்தோடு செய்வது என்றால் என்ன என்று இந்தப் பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது, தண்ணீரின் குளிரை உணர்ந்திருக்கிறாள் என்றார். பக்கத்தில் 'அருமை' என்று எழுதி, ஒரு நட்சத்திரம் ஒட்டினார். பொன் நிறத்தில், ஈரம் தொட்டு ஒட்டுகிற நட்சத்திரம். வகுப்பில் அதுவரை யாருக்கும் அது கிடைத்ததில்லை.

அந்த வாரத்தில் தலை வாரியதற்கு ஒன்றும், நாலு வாய் சோற்றுக்கு ஒன்றும், பீலிக்கரை வரை நடந்ததற்கு ஒன்றுமாக எனக்கு நாலு நட்சத்திரம் சேர்ந்தன. கடைசி வாங்குப் பையன் தானும் மூன்று நாளாக முகம் கழுவுவதாக எழுதிப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஐந்தாவது நாள், கொஞ்சமும் யோசிக்காமல், 'இன்று நான் அந்தி வரைக்கும் இருப்பேன்' என்று எழுதினேன்.

டீச்சர் அதை வாசித்தார். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். நட்சத்திரத் தாளை எடுக்கவில்லை. சிவப்புப் பேனையையும் மூடி வைத்துவிட்டு என்னை வெளியே, தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"வீட்டுல யாரும் அடிச்சாங்களா?"

"ஆமா டீச்சர். அம்மா."

"எதுக்கு?"

"குடையத் தொலைச்சதுக்கு."

டீச்சர் மூச்சு விட்டார். "அது இல்ல பிள்ளை. உனக்கு எதுவும் கஷ்டமா? யாரும் எதுவும் சொன்னாங்களா? டீச்சர்கிட்ட பயப்படாம சொல்லலாம்."

எனக்கு இருந்த ஒரே கஷ்டம் எண்ணக் கொப்பிதான். அதை அவரிடமே எப்படிச் சொல்வது?

"அந்தி வரைக்கும் இருப்பேன்னு எழுதியிருக்கியே. அப்படின்னா என்ன?"

"வீட்டுல இருக்கிறது டீச்சர்."

"நீ இங்க பள்ளிக்கூடத்துலதானே இருக்கே?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "மனசிலிருந்து வந்துச்சு டீச்சர்" என்று சொல்லிவைத்தேன். அந்தப் பதில் எப்போதும் அவருக்குப் பிடிக்கும். அன்றைக்குப் பிடிக்கவில்லை. கொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டார். பள்ளி விட்டதும் என்னோடு வீட்டுக்கு வருவதாகச் சொன்னார்.

மழையில் இரண்டு கட்டை நடக்கிற செருப்பு அவரிடம் இல்லை. குறுக்குப்பாதையில் இறங்கும்போது இரண்டு முறை வழுக்கினார். சேலைக் கரை முழுக்கச் சேறு. பாதி வழியில் அவர் காலில் அட்டை ஏறிவிட்டது. அதைக் கண்டதும், தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்து, பயிற்சிக்கு முந்திய பழைய குரலில் திட்டினார். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "டீச்சர், இனிமே நல்லா எழுதுறேன், அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்று கெஞ்சினேன். அவர் பதிலுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டார். லயம் வரும்வரை விடவில்லை. ஓடிவிடுவேன் என்று நினைக்கிறார் என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

அம்மா அப்போதுதான் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்து இஸ்தோப்பில் படங்கை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க டீச்சர், என்ன செஞ்சா இவ?" என்றாள். டீச்சர் கொப்பியை விரித்துக் கொடுத்தார். அம்மா எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். உதடு அசைய அந்த ஒரு வரியை வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். அடி விழும் என்று நான் கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"இது யாரு எழுதினது?"

"நான்தான்."

"எங்க பார்த்து எழுதின?"

அம்மாவின் குரலில் சத்தமே இல்லை. அதனால்தான் பயந்துபோய் உண்மையைச் சொன்னேன். "சித்தியோட டயரியில இருந்துச்சு. நெறைய நாள் அதையேதான் எழுதியிருக்காங்க."

அம்மா செருப்போடு காம்பராவுக்குள் போனாள். பெட்டியின் மேலிருந்த டயரியை எடுத்து, வாக்குக் கொடுத்ததை மறந்து, நின்றபடியே பக்கங்களைப் புரட்டினாள். ஈரக்கையில் தாள்கள் ஒட்டிக்கொண்டன. அப்படியே பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

குசினிப் பக்கமிருந்து சித்தி வந்தாள். அம்மா கையில் டயரி, டீச்சர் கையில் என் கொப்பி, நடுவில் நான். அவளுக்கு எல்லாம் விளங்க அதிக நேரம் ஆகவில்லை. வந்த நாளிலிருந்து நாலு வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேசாதவள், லயம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"அதைக்கூட விட்டுவைக்க மாட்டீங்களா? இந்த வீட்டுல எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான். என் துணியப் போட்டுக்குங்க, என் பாயில படுத்துக்குங்க, அதுலயுமா கை வைக்கணும்? உனக்கு எழுதுறதுக்கு ஒண்ணும் இல்லன்னா வெறுங்கொப்பியக் குடு. ஏண்டி என்னோடத எடுத்த?"

நான் அழுதேன். அம்மா சித்தியைத் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. எழுந்து போய் சித்தியைக் கட்டிக்கொண்டாள். சித்தி உதறினாள். அம்மா விடவில்லை. "எங்கிட்ட ஏன்டி சொல்லல. ஒன்பது நாளு. நான் பாட்டுக்கு மலைக்குப் போயிட்டு வர்றேனே. எங்கிட்ட ஏன்டி சொல்லல" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா எட்டிப் பார்க்க, டீச்சர் போய்க் கதவைச் சாத்தினார். பிறகு சேறு பட்ட சேலையோடு தரையில் உட்கார்ந்தார். பயிற்சியில் இது வந்திருக்காது.

"நான் தெரியாம ஸ்டார் ஒட்டிட்டேன்" என்றார்.

சித்தி நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்கு?"

"முகம் கழுவினதுக்கு. தலை வாரினதுக்கு. வகுப்புக்கும் வாசிச்சுக் காட்டினேன்."

சித்தி கையை நீட்டி என் கொப்பியை வாங்கினாள். நாலு பக்கங்களையும் மெதுவாகப் புரட்டிப் பார்த்தாள். 'அருமை' என்ற எழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"தலை நான் வாரல. அன்னைக்கு முடியல" என்றாள்.

"பரவால்ல" என்றார் டீச்சர்.

"இது எனக்குத்தான் சேரணும்" என்றாள் சித்தி, என்னைப் பார்த்து. அவள் குரலில் பழைய சித்தி கொஞ்சம் இருந்தாள். எனக்கு அதைக் கேட்கிற மனநிலை இல்லை. ஒட்டிய நட்சத்திரத்தை உரித்தால் கொப்பி கிழிந்துவிடுமே என்று தேம்பிக்கொண்டே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அம்மா பெரட்டுக்குப் போகவில்லை. கிளினிக் நாள் இல்லாதபோதும் முதல் பஸ்ஸில் சித்தியைக் கூட்டிக்கொண்டு போனாள். சாயந்தரம் வேறு மாத்திரைகளோடு வந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லாம் மாறியது. அம்மா இரண்டு வாரம் வேலைக்கே போகவில்லை. கங்காணி வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். பிறகு அப்பா இரவு முறைக்கு மாற்றிக்கொண்டு பகலில் வீட்டில் இருந்தார். பள்ளிக்கூடம் விட்டு நான் வந்ததும் அப்பா படுத்துவிடுவார், முறை என்னுடையதாகிவிடும்.

"சித்தி கூடவே இரு. எங்க போனாலும் கூடவே போ" என்றாள் அம்மா.

"எதுக்கு?"

"சொன்னதச் செய்."

எதற்கு என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. இது தண்டனை. டயரியைத் திருடியதற்கு அடிக்காமல் விட்டார்களே என்று சந்தோஷப்பட்டது தப்பு. ஒரு அடியோடு முடிந்திருக்க வேண்டியதை மாதக்கணக்கில் இழுத்துவிட்டார்கள். சித்தி பீலிக்கரைக்குப் போனால் நானும் வாளியோடு போக வேண்டும். கக்கூசுக்குப் போனால் மழையில் வெளியே நிற்க வேண்டும். மைதானத்தில் என் கூட்டாளிகள் எல்லே விளையாடும் சத்தம் கேட்கும். நான் இஸ்தோப்பில் உட்கார்ந்து சித்தி அரிசி பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். டீச்சர் சனிக்கிழமைகளில் நல்ல சப்பாத்து போட்டுக்கொண்டு வந்து சித்தியோடு பேசிக்கொண்டிருப்பார். அந்த ஒரு மணி நேரம் எனக்கு விடுதலை. வகுப்பில் டம்ளர் தொடர்ந்து அடித்தது, ஆனால் அதற்குப் பிறகு அவர் எங்கள் கொப்பியை வாங்கிப் பார்க்கவே இல்லை. எழுதியதும் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். என் நட்சத்திரங்கள் நாலோடு நின்றுபோனதும் என்னால்தான் என்று வருத்தப்பட்டேன்.

சித்தி அந்த வருஷம் முழுக்க மருந்து குடித்தாள். நல்ல நாளும் வந்தது, கெட்ட நாளும் வந்தது. இப்போது ஹட்டனில் தையல் கடை வைத்திருக்கிறாள். இரண்டு பெண் பிள்ளைகள். வாடிக்கையாளர் சொன்ன நாளில் சட்டையைக் கொடுக்காமல் எல்லோருக்கும் எரிச்சல் மூட்டுகிறாள். அன்றைக்கு நடந்ததைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதில்லை.

ஆனால் அந்த நாட்களில் ஒரு சாயந்தரம் நடந்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். மழை விட்டிருந்தது. மைதானத்தில் ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. நான் இஸ்தோப்புத் தூணில் சாய்ந்து, வேண்டுமென்றே சத்தமாகப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். சித்தி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"போயேன். போய் விளையாடு."

"முடியாது. அம்மா கொன்னுடுவாங்க."

"உன்னைப் போயி எனக்குக் காவல் போட்டிருக்காங்க பாரு" என்றாள்.

இந்த அநியாயத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. எல்லாவற்றையும் தலைகீழாக விளங்கிக்கொண்டிருக்கிறாளே என்று எரிச்சலாக வந்தது.

"உங்களுக்கு ஒண்ணுமே தெரியல சித்தி" என்றேன். "உங்களைத்தான் எனக்குக் காவல் போட்டிருக்காங்க. திருடினேன்ல, அதுக்கு."

சித்தி நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

"அப்படின்னா நான் எங்கயும் போக முடியாதே" என்றாள்.

"ஆமா. முடியாது" என்று கோபமாகச் சொல்லிவிட்டு, வேறு வழியில்லாமல் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.